பட்டும் படாமலும்

(வரலாற்றுத் தொடர்: கோட்டைக்குள் குடியிருந்தவர்கள் - 17)

"எந்த ஊரு பிரசிடெண்ட் சார்?"

மண்டகப்பட்டில் பேருந்தை விட்டு இறங்கி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, இந்த வாரம் பிரசிடெண்ட் வீட்டம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று சொன்னதும் கடைக்காரர் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் பிழை இல்லை. செஞ்சிச் சீமையில் பிரசிடெண்ட் என்றால் ஊராட்சி மன்றத் தலைவர்தான். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று எதற்கும் போய் நிற்கும் வாசல் அவருடையது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன் பிறகு பல ஊர்களில் 'பிரசிடெண்ட் வீட்டம்மா' என்ற பேச்சுக் குறைந்து, 'பிரசிடெண்ட் வீட்டுக்காரர்' என்று ஒரு புதுப் பதவி முளைத்திருக்கிறது. வெள்ளைச் சட்டையோடு பைக்கில் வந்து கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவார். பேச்சு அவருடையது, கையெழுத்து அம்மாவுடையது. அந்தக் கதைக்குத் தனித் தொடரே எழுதலாம்.

"டெல்லி பிரசிடெண்ட்ங்க" என்றேன்.

"அந்தம்மாவுக்குத்தான் வீட்டுக்காரர் இல்லியே, பாவம்" என்று சொல்லிக்கொண்டே அவர் டீயை ஆற்றினார்.

செய்தித்தாளை ஒழுங்காகப் படிக்கிறவர் போலும். திரௌபதி முர்மு 2022-ல் பதவியேற்றபோது கணவரை இழந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆக, இன்றைய தேதியில் டெல்லி மாளிகையில் அந்த நாற்காலி காலி. காலியாக இருப்பதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் விசேஷம். ஒரு அமைச்சர் பதவி காலியானால் மறுநாளே யாருக்கு அது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். இது காலியானால் ஒரு கோப்புகூட நகராது.

சென்ற வாரம் கதையைச் செஞ்சிக் கோட்டையடியில் நிறுத்தியிருந்தோம். 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இருபத்திரண்டு வயதில் விழுந்தார் தேசிங்கு ராஜா. அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். அந்தப் பெண்ணை மெச்சி வென்ற நவாபே ஓர் ஊரை எழுப்பி, ராணிப்பேட்டை என்று பெயரிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 2019 முதல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகர். ஊருக்குப் பெயர் தந்தவளின் பெயர் என்ன என்று வாசகர்கள் சிலர் கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். கதைப்பாடலில் வருவது ராணிபாய். ராணி என்பது பதவி, பாய் என்பது மரியாதை. இரண்டையும் கழித்துவிட்டால் மிச்சம் ஏதும் இல்லை. உடன்கட்டையைப் பாடிப் பெருமைப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. இருபது வயதுக்கு முன்னே பின்னே இருந்த ஒரு பெண், அவ்வளவுதான். அவள் விரும்பிய வேறு ஏதாவது இருந்திருக்கும். அதைக் கேட்க அங்கே ஆளில்லை.

இந்த வாரம் கதை செஞ்சியிலிருந்து டெல்லிக்குத் தாவுகிறது. ஆனால் புறப்படும் முன் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்தது. இரு புறமும் தடித்த வாயிற்காவலர்கள், உள்ளே மூன்று கருவறைகள். கல்வெட்டு சொல்லும் செய்தி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும்: செங்கல் கிடையாது, மரம் கிடையாது, உலோகம் கிடையாது, சுதை கிடையாது, பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்று பட்டம் பூண்ட அந்த அரசன் ஆக்கிய கோயில் இது. கோயில் கட்டியவர்கள் எல்லாம் என்னென்ன வைத்தோம் என்று பட்டியல் போட்டுப் பெருமைப்படுவார்கள். இந்த மனிதர் என்னென்ன வைக்கவில்லை என்று பட்டியல் போட்டிருக்கிறார்.

குடியரசுத் தலைவரின் துணைவிக்கு நம் அரசியலமைப்புச் சட்டத்தில் உள்ள இடத்தையும் அந்தக் கல்வெட்டுப் பாணியில்தான் எழுத வேண்டும். 52-ஆம் பிரிவிலிருந்து 62 வரை குடியரசுத் தலைவரைப் பற்றிச் சொல்கிறார்கள். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆதாயம் தரும் வேறு பதவி கூடாது, வாடகை கொடுக்காமல் மாளிகையில் குடியிருக்கலாம், பதவிப் பிரமாணத்தில் இன்னின்ன சொற்கள் வர வேண்டும். எல்லாம் உண்டு. மனைவி என்றோ கணவர் என்றோ ஒரு சொல் இல்லை. பிரமாணம் கிடையாது, சம்பளம் கிடையாது, இலாகா கிடையாது, ராஜினாமாகூடக் கிடையாது. பின்னாளில் ஊதிய, ஓய்வூதியச் சட்டத்தில் செய்த திருத்தங்களில்தான் துணை எட்டிப்பார்க்கிறார். அதுவும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும். அதாவது, தலைவர் கண்ணை மூடிய பிறகே சட்டத்தின் கண்ணுக்கு அவர் மனைவி தெரிகிறார்.

சட்டத்தில் இடம் இல்லை, வழக்கத்தில் உண்டு. அந்த வழக்கத்தை விட்டுப்போனவர்கள் வெள்ளைக்காரர்கள். வைஸ்ராய் மனைவிமார்களுக்கு இங்கே கைநிறைய வேலை இருந்தது. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்று லேடி டஃபரின் 1885-ல் நிதி திரட்டினார். லேடி ஹார்டிங் பெயரில் 1916-ல் டெல்லியில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். சென்னையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர்கள் லேடி வில்லிங்டன் பெயரைச் சான்றிதழில் சுமந்திருப்பார்கள். 'முதல் பெண்மணி' என்ற சொல் அமெரிக்காவிலிருந்து பத்திரிகைகள் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, இந்தியக் குடியரசுத் தலைவரின் மனைவி 1950-ல் மாளிகைக்குள் நுழைந்தபோது, இங்கிலாந்துப் பழக்கம் ஒரு பக்கம், அமெரிக்கப் பெயர் ஒரு பக்கம், நடுவில் பீகார் கிராமத்துச் சமையலறைப் பழக்கத்தோடு ராஜவன்ஷி தேவி.

அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1896-ல் ராஜேந்திர பிரசாத்துக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போதே கல்யாணம். கணவர் வக்கீலானார், காந்தியோடு போனார், சிறை போனார், 340 அறை மாளிகைக்குப் போனார். மனைவி பின்னாலேயே வந்தார். அந்த வீட்டின் பெண்கள் பக்கத்துக்குப் பெரிய தூண் ராஜேந்திர பிரசாத்தின் அக்கா பகவதி தேவி. 1960 ஜனவரி 25 இரவு அக்கா இறந்தார். மறுநாள் காலை தம்பி குடியரசு தின அணிவகுப்பில் மரியாதையை ஏற்றுக்கொண்டு நின்றார். அதை முடித்துவிட்டுத்தான் ஈமக்கடன். ராஜவன்ஷி தேவி, மாளிகையை விட்டுப் பாட்னாவுக்குத் திரும்பிய சில மாதங்களில், 1962 செப்டம்பரில் காலமானார். பேட்டி, உரை, அறக்கட்டளை ஒன்றும் கிடையாது. வி.வி. கிரியின் மனைவி சரஸ்வதி பாய் பதினான்கு பிள்ளைகள் பெற்று வளர்த்தவர். ஃபக்ருதீன் அலி அகமதின் மனைவி ஆபிதா பேகம் வேறு தினுசு. உருது நாடகம், கவியரங்கம் என்று மாளிகைக்குள்ளும் வெளியிலும் ஓடியாடினார். கணவர் இறந்த பிறகு பரேலித் தொகுதியிலிருந்து மக்களவைக்கே போனார். இவர்களுக்குள் பொதுவாக ஒன்றைத் தேடினால் கிடைக்காது. பதவிக்கு விதி இல்லாததால் அவரவர் சுபாவமே விதியாகிவிட்டது.

நம் பக்கம் வருவோம். அந்த மாளிகையில் நாட்டின் தலைவர் என்ற தகுதியில் குடியிருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர். கவர்னர் ஜெனரலாக ராஜாஜி. குடியரசுத் தலைவர்களாக ராதாகிருஷ்ணன், ஆர். வெங்கட்ராமன், அப்துல் கலாம். இந்த நான்கு பேரில் மனைவியோடு அந்தப் படியேறியவர் ஒரே ஒருவர் என்பதை நான் இந்தத் தொடருக்காகக் குறிப்பெடுக்கும்போதுதான் கவனித்தேன்.

ராஜாஜியின் மனைவி அலமேலு மங்கம்மாள், கணவர் முழுநேர அரசியலுக்கு வரும் முன்பே இறந்துவிட்டார். 1948-ல் மவுண்ட்பேட்டன் தம்பதி காலி செய்த வீட்டுக்குள் ராஜாஜி போனபோது கூடப் போனவர் விதவையான மகள் நாமகிரி. எட்வினா உட்கார்ந்த இடத்தில் நாமகிரி! ஒரு பக்கம் உலகப் பத்திரிகைகளின் படக்கருவிகளுக்குப் பழகிய பெண்மணி, மறு பக்கம் சேலம் வக்கீல் வீட்டுப் பெண். விருந்தினரை வரவேற்றதும் அப்பாவின் சாப்பாட்டைக் கவனித்ததும் நாமகிரியே. கலாமுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ராதாகிருஷ்ணன் கதையில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். திருத்தணியில் பிறந்த அவருக்கு, பதினாறு வயதுகூட நிரம்பாதபோது, உறவுக்காரப் பெண் சிவகாமுவோடு கல்யாணம் நடந்தது. ஐந்து பெண்கள், ஒரு பையன். சென்னை, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டு, காசி, மாஸ்கோ என்று கணவரின் முகவரி மாறிக்கொண்டே இருந்தது. மகன் கோபால் பின்னாளில் பெரிய வரலாற்றாசிரியர் ஆனார். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1989-ல் அவரே எழுதினார். அப்பாவின் புகழை மட்டும் பாடிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அப்பாவின் வேறு உறவுகளையும் அவற்றால் அம்மா பட்ட வேதனையையும் மறைக்காமல் எழுதினார். தமிழில் தலைவர்களின் பிள்ளைகள் எழுதிய எத்தனை புத்தகங்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? சிவகாமு 1956 நவம்பரில் இறந்தார். கணவர் அப்போது துணைக் குடியரசுத் தலைவர். ஐந்தரை ஆண்டு கழித்து, 1962 மே மாதம், அவர் தலைவராகப் பதவியேற்றபோது பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. தேசம் அவர் பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. சிவகாமுவின் பிறந்தநாள் திருத்தணியிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

மிஞ்சியவர் ஜானகி.

பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் 1910-ல் பிறந்தவர் வெங்கட்ராமன். 1935-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீல். 1938-ல் ஜானகியைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவருக்கு இருபத்தேழு வயது. நாலே வருஷத்தில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம். வக்கீல் உள்ளே போய் இரண்டு ஆண்டு இருந்தார். விடுதலைப் போராட்ட வரலாறுகளில் சிறை போனவரின் கைதி எண் உண்டு, அறை உண்டு, கூட இருந்தவர்களின் பெயர் உண்டு. அந்த இரண்டு ஆண்டும் வீட்டு வாடகையை யார் கொடுத்தார்கள் என்பது எந்த வரலாற்றிலும் இராது. வெளியே வந்த கொஞ்ச காலத்தில், 1946-ல், மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பயணம். ஜப்பானியரோடு சேர்ந்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட இங்கிருந்து போன வக்கீல் குழுவில் அவரும் ஒருவர். பிறகு தொழிலாளர் சட்டம், 1949-ல் அதற்கென்றே ஒரு சட்ட இதழ், 1952-ல் தஞ்சாவூரிலிருந்து மக்களவை, 1957 முதல் பத்து ஆண்டு காமராஜர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் தொழில் அமைச்சர். கிண்டித் தொழிற்பேட்டையைக் கடந்து போகிறவர்கள் அந்தப் பத்தாண்டைக் கடந்து போகிறார்கள். பின்னர் திட்டக்குழு, நிதி அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், 1984-ல் துணைக் குடியரசுத் தலைவர், 1987 ஜூலை 25-ல் குடியரசுத் தலைவர்.

இந்த நெடும்பட்டியலின் ஒவ்வொரு காற்புள்ளியிலும் ஒரு வீடு மாறியிருக்கிறது. மூன்று பெண்களைப் பெற்று வளர்த்துக்கொண்டே சென்னைக்கும் டெல்லிக்குமாகப் பாத்திரம் பண்டத்தைக் கட்டியவர் ஜானகி. பெண்களில் பத்மா, தமிழ்நாட்டில் தொழுநோயாளர் குடியிருப்புகளில் வசிப்பவர்களுக்குச் சிறுகடன் வழியாகச் சொந்தத் தொழில் அமைத்துக்கொடுக்கும் வேலையில் பெயர் பெற்றார். லட்சுமி, பிரிட்டனில் பார்த்த ஒரு திட்டத்தின் சாயலில், தொழில் தொடங்க வழியில்லாத இளைஞர்களுக்காகப் பாரதிய யுவ சக்தி அறக்கட்டளையை நிறுவினார். தாயின் பொதுவாழ்வை அளக்கப் பிள்ளைகளைக் காட்டுவது நம் ஊர்ப் பழக்கம்; எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இருந்தாலும், தலைவர் வீட்டுப் பெண்கள் தொழுநோயாளர் தெருவுக்குப் போகும்படி அந்த வீடு இருந்தது என்பது ஒரு செய்திதான்.

அந்த ஐந்து ஆண்டுகள் சாதாரண ஆண்டுகளும் இல்லை. ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என்று நான்கு பிரதமர்களைப் பார்த்த குடியரசுத் தலைவர் அவர்; அவர்களில் மூவரை அவரே நியமித்தார். 1988 குடியரசு தினத்துக்குச் சிறப்பு விருந்தாளி இலங்கை அதிபர் ஜெயவர்தனா. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. தமிழ்நாட்டிலிருந்து போன தலைவர், அந்த விருந்தாளிக்குக் கைகொடுத்து வரவேற்பு சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தார். 1991 ஜனவரி 30-ல் ஆளுநர் பர்னாலாவின் அறிக்கை இல்லாமலேயே தி.மு.க. ஆட்சியைக் கலைத்த ஆணையில் விழுந்த கையெழுத்தும் அவருடையதே. அதைப் பற்றிய சர்ச்சை தமிழ்நாட்டில் இன்றும் ஆறவில்லை. அதே ஆண்டு மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை. குடியரசுத் தலைவர் பதவியை அவசரகால விளக்கு என்று சொன்னவர் வெங்கட்ராமன்: மின்சாரம் நின்றால் தானே எரிய வேண்டும், வந்துவிட்டால் தானே அணைந்துவிட வேண்டும். நல்ல உவமை. அந்த விளக்கு மாட்டியிருந்த சுவரைப் பற்றி அவரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவர் மனைவி என்ன செய்தார்? வழக்கப்படி செய்ய வேண்டியவை இருந்தன. வெளிநாட்டுத் தலைவர் வந்தால் அவருடைய மனைவியை வரவேற்றுக் கூட இருப்பது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 மாலைகளில் புல்வெளித் தேநீர் விருந்து. பள்ளிப்பிள்ளைகள் வந்தால் ஒரு புன்னகை, ஒரு படம். இந்த வேலைக்கு ஒரு சீருடையும் உண்டு. யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் உண்டு: பட்டுப்புடவை. தென்னாட்டுப் பெண் அந்த இடத்தில் நின்றால் காஞ்சிபுரத்தைத்தான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். கல்யாணம், கச்சேரி, கோயில், குடியரசு தினம் என்று நம் பெண்கள் நல்ல நாளைக் காட்டுவதே பட்டால்தானே.

ஜானகி அம்மாளுக்கு அங்கேதான் இடித்தது.

பட்டு எப்படி வருகிறது என்பது ஆரணிக்காரர்களுக்கும் விழுப்புரம் பக்கத்துச் சிறுவந்தாட்டுக்காரர்களுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முசுக்கொட்டை இலை தின்று வளர்ந்த புழு, தன்னைச் சுற்றி ஒரே இழையால் கூடு கட்டும். நல்ல ரகக் கூட்டில் அந்த இழை ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஓடும். உள்ளே இருப்பது அந்துப்பூச்சியாகி வெளியே வர வேண்டுமானால் கூட்டைத் துளைத்துத்தான் வர வேண்டும். துளைத்தால் இழை அறுந்துபோகும். ஆகவே துளைக்கும் முன்பே கூட்டை ஆவியில் காட்டியோ, சுட்டோ, வெந்நீரில் போட்டோ உள்ளிருப்பதைக் கொன்றுவிட்டு, இழையின் முனையைப் பிடித்து இழுத்துச் சுற்றுகிறார்கள். ஒரு கிலோ நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். ஒரு கிலோ கூட்டில் ஐந்நூறு, அறுநூறு இருக்கும். ஒரு சேலைக்கு ஐம்பதாயிரம் புழு என்று எழுதுகிறவர்கள் உண்டு. தறிக்காரர் கணக்கு அவ்வளவு வராது, சில ஆயிரங்கள். சில ஆயிரமும் குறைவில்லை.

இந்த விஷயம் ஜானகி அம்மாள் கண்டுபிடித்ததல்ல. காஞ்சி மகாபெரியவர் பட்டைத் தவிர்க்கச் சொல்லிப் பல காலமாகப் பேசிவந்தார். உயிர்க்கொலை ஒன்று, ஏழைப் பெண்ணைப் பெற்றவனுக்கு அதனால் வரும் கடன் இன்னொன்று. கேட்டுவிட்டுத் தலையாட்டியவர்கள் அநேகம். கல்யாணச் சீர்ப்பட்டியலிலிருந்து பட்டை எடுத்தவர்கள் கொஞ்சம். சைவச் சாப்பாட்டுக்காரப் பெண்மணி ஒருவர் பட்டைத் துறந்து பருத்திக்கு மாறியிருந்தால் அது அந்த வீட்டுச் செய்தி. நாட்டுக்குச் செய்தி ஆகியிராது. அவர் செய்தது வேறு. 1990 வாக்கில், கைத்தறிக்காரர்களிடம் ஒரு கேள்வியைப் போட்டார்: புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டுப்புடவை கிடைக்குமா?

கேள்வி போய் நின்ற இடம் ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவு அமைப்பான ஆப்கோ. அங்கே வேலை பார்த்த குசுமா ராஜய்யா என்ற ஜவுளித் தொழில்நுட்பக்காரரை அது விடவில்லை. மாளிகை அம்மா கேட்டதற்கு 'பார்க்கிறோம்' என்று பதில் எழுதிவிட்டு மறந்துபோவது அரசு அலுவலகத்தில் மிகச் சுலபம். அவர் மறக்கவில்லை. பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறட்டும் என்று ஒரு வாரம், பத்து நாள் கூடுகளை வைத்திருந்து, மிஞ்சிய ஓட்டைக் கூடுகளிலிருந்து நூல் எடுக்கப் பார்த்தார். இழைதான் துண்டு துண்டாகிவிட்டதே, இழுத்துச் சுற்ற முடியாது. பஞ்சைப் போல நூற்கத்தான் முடியும். நூற்றார்கள், நெய்தார்கள், புடவையும் வந்தது. அஹிம்சா பட்டு என்று பெயர் வைத்தார். பின்னாளில் அந்த முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று வெளிநாட்டுக் கடைகளில் இந்த வகைத் துணிக்கு 'அமைதிப் பட்டு' என்று அர்த்தம் வரும்படி பெயர் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

சட்டப் புத்தகத்தில் இடமில்லாத ஒருவர், எந்த ஆணையும் போடாமல், ஒரு ரூபாய் அரசுப் பணம் ஒதுக்காமல், ஒரு தொழில்நுட்பத்துக்கு விதை போட்டார். கேட்டது யார் என்பதுதான் அங்கே விஷயம். இதே கேள்வியை மண்டகப்பட்டிலிருந்து ஒரு அம்மா ஆப்கோவுக்கு எழுதியிருந்தால் பதில் அட்டைகூட வந்திருக்காது. பதவி இல்லாதவருக்குப் பதவியின் நிழல் தரும் அதிகாரம் இது. மகனுக்கு ஏஜென்சி, மருமகனுக்கு ஒப்பந்தம் என்று அந்த நிழலில் காய் காய்த்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். ஜானகி அம்மாள் கேட்டது ஒரு புடவை, அதையும் விலைக்கு.

எல்லாம் சுபம் என்று முடிக்கவும் முடியாது. பட்டுப்பூச்சி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் வளர்த்து வளர்த்துப் பறக்கவே மறந்த பூச்சி. வெளியே வந்தாலும் சாப்பிடாது. கூடிக் கலந்து, சில நூறு முட்டைகள் இட்டு, சில நாளில் தானே செத்துப்போகும். அத்தனை முட்டையும் பொரிந்தால் அத்தனை புழுவுக்கும் இலை போடுவது யார்? போடாவிட்டால் அவை பட்டினியில் சாகும். கொல்லாத பட்டு என்பது எந்த அளவுக்குக் கொல்லாதது என்று உயிர்நேயக்காரர்களே சண்டை போடுகிறார்கள். நூலும் குறைவாகக் கிடைக்கும், மினுமினுப்பும் குறைவு, விலை மட்டும் கூடுதல். தறிக்காரன் பக்கம் நின்று பார்த்தால், பழைய முறையில் கஞ்சி குடிப்பவன் இந்தப் புதுமையால் ஒரு வேளை கூடுதலாகக் குடிப்பானா என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் இவற்றைக் கேட்பதற்கே முதலில் ஒருவர் அந்தப் பட்டைக் கேட்டிருக்க வேண்டியிருந்தது.

1992-ல் தம்பதி மாளிகையை விட்டு இறங்கினார்கள். அடுத்து வந்த விமலா சர்மா, தலைவர் மனைவியாகும் முன்பே 1985-ல் மத்தியப் பிரதேசச் சட்டமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தவர். அவருக்குப் பின் உஷா நாராயணன். பர்மாவில் பிறந்த மா டின்ட் டின்ட். வெளியுறவுப் பணியில் இருந்தவர் அயல்நாட்டுப் பெண்ணை மணக்க விதி இடம் கொடுக்காததால் நேருவின் தனி அனுமதியோடு 1951-ல் நடந்த கல்யாணம் அவர்களுடையது. பர்மியச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவருக்கு ஒரு முழு இதழ் வேண்டும். 2007-ல் பிரதிபா பாட்டீல் வந்தபோது, கணவர் தேவிசிங் ஷெகாவத்தை எப்படி அழைப்பது என்று பத்திரிகைகள் தடுமாறின. நம் பஞ்சாயத்துக்காரர்களைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்கள்.

வெங்கட்ராமன் 2009 ஜனவரி 27-ல் தொண்ணூற்றெட்டாம் வயதில் டெல்லியில் காலமானார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கம். ஜானகி அம்மாள் 2010 ஆகஸ்ட் 13-ல் போனார். உள்பக்கத்தில் செய்தி.

இதை எழுத உட்காரும் முன் சிறுவந்தாட்டுக்குப் போயிருந்தேன். கொல்லாத பட்டில் ஒரு முழத் துண்டு எப்படியோ கையில் கிடைத்திருந்தது. அறுபது வருஷம் தறியில் உட்கார்ந்த பெரியவர் ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை நான். கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் தேய்த்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு இழையை உருவி, முறுக்கைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"தம்பி, இது நூத்த நூலு. இழுத்த நூலு இல்ல."

விவரத்தைச் சொன்னேன். பூச்சி வெளியே வந்த பிறகு எடுத்தது என்றதும் அவர் சிரிக்கவில்லை. துண்டை இன்னொரு தரம் தடவினார். கன்னத்தில் வைத்தும் பார்த்தார்.

"ஜரிகை போட்டா இது தாங்குமா தெரியல. கனம் பத்தாது. கூட்ட ஓட்டை பண்ணிட்டு எவன் நூல் எடுப்பான்? யாரு கேட்டாங்க இத?"

"டெல்லி பிரசிடெண்ட் வீட்டம்மா. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அவங்க பேரு?"

"ஜானகி" என்றேன்.

(தொடரும்)